பஸ் ஓடாத எட்டு நாளும் ஒரு ரயில் செயலியும்

2018 ஜனவரி 4, சாயங்காலம். அரசு பஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது தெரியாமல் கோவை பீளமேடு ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் லேத் பட்டறை ஒன்றில் கணக்கெழுதுகிறேன், வீடு சோமனூரில். தனியார் பஸ் வந்தது, ஆனால் படியில் கால் வைக்க இடமில்லை. கடைசியில் ஒரு சரக்கு ஆட்டோவில் நூல் மூட்டை மேல் உட்கார்ந்து கருமத்தம்பட்டி வரை வந்து, அங்கிருந்து பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

மறுநாள் முதல் ரயில்தான். எங்கள் ஊரில் ஸ்டேஷன் இருப்பதே அதுவரை எனக்குச் சரக்கு வண்டிச் சத்தமாகத்தான் தெரியும். பட்டறைப் பையன் ஒருவன் 'வேர் இஸ் மை ட்ரெயின்' செயலியைப் புளூடூத்தில் அனுப்பிவிட்டான். அன்று போட்டதுதான், நடுவில் மூன்று போன் மாற்றியும் இன்றுவரை இருக்கிறது.

அது செய்வது ஒரே வேலை: வண்டி எங்கே வருகிறது என்று சொல்லும். பெட்டிக்குள் ஏறிவிட்டால் அதற்கு இணையமும் வேண்டாம், ஜிபிஎஸ்ஸும் வேண்டாம். நம் போன் எந்த டவரைப் பிடித்திருக்கிறது என்பதை வைத்தே, எந்த ஸ்டேஷனைத் தாண்டினோம் என்று கணக்குப் போடுகிறது. இதன் அருமை அந்த எட்டு நாளில்தான் புரிந்தது. ஈரோட்டிலிருந்து வரும் பாசஞ்சர் திருப்பூரிலேயே நிரம்பிவிடும். கழிவறைக் கதவோரம் நசுங்கி நிற்பவனுக்கு ஜன்னல் ஏது, ஜிபிஎஸ் ஏது? நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். செயலி மட்டும் இருகூர், சிங்காநல்லூர் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு வரும். பீளமேட்டில் வண்டி நிற்பது கொஞ்ச நேரம்தான், ஒரு ஸ்டேஷனுக்கு முன்பே கதவை நோக்கி நகரத் தொடங்கவில்லையென்றால் கோயம்புத்தூர் வடக்கில்தான் இறங்க வேண்டியிருக்கும்.

பிளாட்பாரத்தில் காத்திருக்கும்போது கதை வேறு. நம் போன் வண்டிக்குள் இல்லையே, அப்போது நெட் வேண்டும். நியாயம்தான். நேர அட்டவணை மட்டும் நெட் இல்லாமலும் திறக்கும். மூன்றாம் நாளே நான் பிளாட்பாரத்தில் விசாரணை கவுண்டர் ஆகிவிட்டேன்.

"ஏனுங் தம்பி, வண்டி எங்கீங் வருது?"

"வஞ்சிபாளையம் தாண்டீருச்சுங்ண்ணா."

அதே வாரம் பஸ் பார்க்கும் செயலி ஒன்றையும் போட்டுப் பார்த்தேன், பெயர் வேண்டாம். நிறமும் படமும் பிரமாதம். ஓடாத பஸ்ஸை "5 நிமிடத்தில் வரும்" என்று காட்டியது. நம்பி அரை மணி நேரம் நின்றேன். அப்புறம் அதைத் தூக்கிவிட்டேன்.

ஜனவரி 11-இல் வேலைநிறுத்தம் முடிந்தது, 20-ஆம் தேதி பஸ் கட்டணம் ஏறியது. சரி, இனி ரயிலே போதும் என்று சீசன் டிக்கெட் எடுத்துவிட்டேன். அந்த வருடம் டிசம்பரில் செயலியை உருவாக்கிய பெங்களூரு நிறுவனத்தைக் கூகுள் வாங்கிய செய்தி வந்தபோது, இனி இதிலும் நூறு பட்டன் முளைக்கும் என்று பயந்தேன். நான் பயன்படுத்தும் அளவுக்கு அது மாறவே இல்லை. ஸ்டேஷன் வருமுன் எழுப்பும் அலாரம் ஒன்று இருக்கிறது, இரவு ஷிப்ட் முடித்து வரும் பையன்களுக்கு அது சாமி மாதிரி.

2024 ஜனவரி 9-இல் மறுபடியும் பஸ் ஸ்ட்ரைக் என்றார்கள், மறுநாளே நிறுத்தி வைத்தார்கள். எனக்குப் பட்டறையில் யாரோ சொல்லித்தான் தெரியும். அன்று காலை என் வண்டி இருகூர் சிக்னலில் நின்றது, வழக்கம்போல.