புது லேப்டாப்பில் 'எல்லாம் போட்டுத் தருகிறோம்' என்ற கடையும், சும்மா இருந்த பச்சை டிக்கும்

என் மகளுக்கு இந்த வருடம் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. நான் காவேரிப்பட்டணத்தில் தையல் வேலை செய்கிறேன். ஆகஸ்டில் சீட்டு எடுத்த பணத்தில் 46,500 ரூபாய்க்கு அவளுக்கு ஒரு லேப்டாப் வாங்கினோம். கிருஷ்ணகிரி டவுனுக்குள் இருக்கும் ஒரு கடையில் வாங்கியது. லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. அதை வாங்கிய பிறகு அந்தக் கடைக்காரர் செய்ததைத்தான் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு லேப்டாப் எடுக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

பில் போட்டு முடித்ததும் அவர், "அக்கா, ஆன்ட்டிவைரஸ் இல்லாம எடுத்துட்டுப் போனா ஒரே மாசத்துல திரும்ப என்கிட்டதான் வருவீங்க" என்றார். ஆன்ட்டிவைரஸ் 1,300, வேர்ட், எக்செல் எல்லாம் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 1,000, 'செட்டிங்' செய்ய 500 என்று சொன்னார். மொத்தம் 2,800 ரூபாய். இதற்குத் தனி பில் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். லேப்டாப் பில்லில் இதில் ஒரு வரிகூட ஏறவில்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும். பிள்ளையின் படிப்புக்கான சாமான், ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பயத்தில் கொடுத்துவிட்டேன். அந்தப் பயத்தை வைத்துத்தான் அவர் வியாபாரமே செய்கிறார் என்று இப்போது புரிகிறது.

உள்ளே கொண்டுபோய் முக்கால் மணி நேரம் கழித்துக் கொடுத்தார்கள். ஆன்ட்டிவைரஸ் டப்பாவையும், அதை இயக்கப் போடும் எண்ணான கீயையும் கேட்டதற்கு, "கீ நாங்களே போட்டுட்டோம், டப்பா எதுக்கு?" என்றார்கள்.

அக்டோபர் நடுவில் அந்த ஆன்ட்டிவைரஸ் சிவப்பாகிவிட்டது. அனுமதித்த எண்ணிக்கையை விட அதிகக் கணினிகளில் இந்தக் கீ போடப்பட்டிருப்பதால் நிறுத்தப்பட்டது என்று திரையில் வந்தது. மூன்று கணினிக்கான ஒரு கீயை வாங்கி, எத்தனை பேர் தலையில் கட்டினார்களோ. ஆன்ட்டிவைரஸ் கம்பெனியின் மேல் எனக்குக் குறையில்லை, அவர்கள் செய்தது சரிதான். கடைக்குப் போன் செய்தால் "புதுசா ஒண்ணு போட 900 ஆகும்" என்றார்கள். நாங்கள் போடவில்லை. மகள் அதை நீக்கிவிட்டாள். நீக்கியதும் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பான டிஃபெண்டர் தானாக இயங்கத் தொடங்கி, பச்சை டிக் காட்டியது. சரி, இது போதும் என்று விட்டுவிட்டோம்.

நவம்பர் முதல் வாரம் ஒரு ராத்திரி போச்சம்பள்ளியிலிருந்து என் நாத்தனார் மகன் கூப்பிட்டான். "பாப்பா, பணம் வந்துச்சா?" என்று கேட்டான். எந்தப் பணம்? என் மகளின் இன்ஸ்டாகிராமிலிருந்து அவனுக்குச் செய்தி போயிருக்கிறது: அவசரம், காலேஜ் ஃபீஸ், இந்த யுபிஐ ஐடிக்கு 6,500 அனுப்பு. அதில் 'ப்ரோ' என்று இருந்ததாம். என் மகள் அவனை மாமா என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதே இல்லை. அவனுக்கும் ஒரு நிமிடம் உறுத்தியிருக்கிறது. பிள்ளைக்கு என்ன அவசரமோ என்று அனுப்பிவிட்டான். அதே செய்தி அவளோடு படிக்கும் 11 பேருக்கும் போயிருந்தது. மகளால் தன் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை, பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க அவள் அழுத அழுகையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

உடனே சைபர் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தோம். பணம் அனுப்பிய நாத்தனார் மகன்தான் புகார் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தான். சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்திலும் பதிந்தோம். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பணம் கணக்கு கணக்காகத் தாவிப் போவதற்குள் தகவல் போனால் முடக்க வாய்ப்பு அதிகம். எங்கள் 6,500 இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் வேலை செய்யும் என் அண்ணன் மகன் வந்து லேப்டாப்பைப் பிரித்துப் பார்த்தான். பிரித்து என்றால் திருப்புளி போட்டு இல்லை, செட்டிங்கை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தான். எல்லாமே பச்சை. "அத்தை, இங்க பாருங்க" என்று அதற்குள் வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், அந்தப் பக்கத்தின் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற இடத்துக்குப் போனான். அங்கே ஒரே ஒரு வரி இருந்தது. சி டிரைவ். அவ்வளவுதான்.

எக்ஸ்க்ளூஷன் என்றால், 'இந்த இடத்தைச் சோதிக்காதே' என்று டிஃபெண்டருக்குச் சொல்லி வைப்பது. அந்த லேப்டாப்பில் இருப்பதே சி டிரைவ் ஒன்றுதான். வீட்டுக்குக் காவல்காரனை வைத்துவிட்டு, வீட்டை மட்டும் பார்க்காதே என்று சொன்ன கதை. கடையில் திருட்டு ஆபீஸ் போடும்போது, அதை ஆக்டிவேட் செய்யும் கருவியை டிஃபெண்டர் பிடித்து அழித்துவிடும். பிடிக்காமல் இருக்க இந்த வரியைச் சேர்த்துவிட்டு, வேலை முடிந்த பிறகு எடுக்காமலே கொடுத்திருக்கிறார்கள். பச்சை டிக் அப்போதும் பச்சையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

எனக்குப் புரிய வேண்டும் என்று அவன் ஒன்று செய்து காட்டினான். எய்கார் என்று ஒரு சோதனை வரி இருக்கிறது, 68 எழுத்து. அது வைரஸே கிடையாது, ஒரு கெடுதலும் செய்யாது. எல்லா ஆன்ட்டிவைரஸும் அதைப் பார்த்தால் கத்த வேண்டும் என்று ஒத்துக்கொண்டு வைத்திருப்பது. அதை நோட்பேடில் ஒட்டி சேமித்தான். ஒரு சத்தமும் இல்லை, கோப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. அப்புறம் அந்த சி டிரைவ் வரியை நீக்கிவிட்டு மறுபடி சேமித்தான். கண் மூடித் திறப்பதற்குள் மூலையில் எச்சரிக்கை வந்தது, கோப்பு காணாமல் போனது. அதன் பிறகு முழு ஸ்கேன் போட்டான். ஆபீஸ் ஆக்டிவேட் செய்த கருவி 'ஹேக்டூல்' என்று சிக்கியது. அதே ஃபோல்டரில், பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைத் திருடும் ட்ரோஜன், அதாவது நல்ல சாஃப்ட்வேர் போல வேஷம் போட்டு நுழையும் கெட்ட சாஃப்ட்வேர், ஒன்றும் இருந்தது. ஆகஸ்டிலிருந்து அது உள்ளேயே இருந்திருக்கிறது.

இன்னொரு கொடுமை. லேப்டாப் வந்த அட்டைப்பெட்டியிலேயே, ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் இதனுடன் சேர்ந்து வருகிறது என்று அச்சடித்திருந்தது. காசு கொடுத்து வாங்கிய லேப்டாப்பின் விலையிலேயே அசல் ஆபீஸ் அடக்கம். விண்டோஸைத் தொடங்கியதிலிருந்து 180 நாளுக்குள் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அசலை விட்டுவிட்டு, திருட்டை ஆயிரம் ரூபாய்க்கு விற்றிருக்கிறார். நல்லவேளை, எங்களுக்கு நாள் மிச்சம் இருந்தது.

அண்ணன் மகன் லேப்டாப்பை முழுவதுமாக ரீசெட் செய்தான். படங்களையும் பாடக் கோப்புகளையும் மட்டும் ஸ்கேன் செய்து எடுத்து வைத்துக்கொண்டான். அசல் விண்டோஸின் உரிமம் மதர்போர்டிலேயே இருப்பதால் தானாக ஆக்டிவேட் ஆகிவிட்டது, யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. பாஸ்வேர்டுகளை எல்லாம் என் போனிலிருந்து மாற்றினோம். தொற்று இருக்கும் லேப்டாப்பிலேயே மாற்றினால் புது பாஸ்வேர்டும் திருடனுக்கே போகும். ஜிமெயிலில் மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும்படி செய்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டோம். இன்ஸ்டாகிராம் திரும்பக் கிடைக்க ஒன்பது நாள் ஆனது.

ஆன்ட்டிவைரஸ் எது வாங்குவது என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். படிக்கிற பிள்ளைக்கு விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே போதும், இலவசம். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரேட்டிவ்ஸ் என்ற இரண்டு சோதனைக்கூடங்கள் பல ஆன்ட்டிவைரஸ்களைச் சோதித்து மதிப்பெண் போடுகின்றன. அதில் டிஃபெண்டரும் வரிசையில் நிற்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால் வாங்குங்கள், தப்பில்லை. நம் சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் எல்லாம் இருக்கின்றன. ஆனால் கம்பெனியின் தளத்திலேயே வாங்குங்கள், அல்லது சீல் உடையாத டப்பாவை வாங்கி, கீயை நீங்களே சுரண்டி, உங்கள் மெயிலில் பதியுங்கள். எத்தனை கணினிக்கு, எந்தத் தேதி வரை என்று திரையில் பார்த்த பிறகு கடையை விட்டு இறங்குங்கள். ஜிஎஸ்டி பில் தராத சாஃப்ட்வேருக்குக் காசு தராதீர்கள். ஒரு லேப்டாப்புக்கு ஒன்றுதான், இரண்டு போட்டால் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு லேப்டாப் திணறும்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான்க்கா போட்டுத் தர்றோம்" என்று சாதாரணமாகச் சொன்னார். எல்லாருக்கும் என்றால் எத்தனை பிள்ளைகளின் லேப்டாப்பில் இந்த வரி இருக்கிறது? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். துண்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் அவர் கையெழுத்து இருக்கிறது. அவர் பணத்தைத் திருப்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

போன வாரம் எங்கள் தெருவில் இன்னொரு பையன் அதே கடையில் வாங்கிய லேப்டாப்பைக் கொண்டுவந்தான். அவனும் முதல் வருடம்தான். என் மகளே திறந்து பார்த்தாள். எக்ஸ்க்ளூஷன்ஸ் பக்கத்தில் அதே ஒரு வரி, சி டிரைவ். அவன் அம்மா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது, 2,800 என்று எழுதி.