சுங்கை சிப்புட்டில் வீடு விற்கப் போகிறீர்களா? இந்த மாதிரி ஏஜெண்டிடம் ஜாக்கிரதை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டை விற்க நினைப்பவர்கள், மற்ற எல்லாரையும்விடக் கூடுதல் விலை சொல்லும் ஏஜெண்டிடம் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

வீடு அப்பாவுடையது. தோட்டத்து வேலையை விட்டபோது சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய ஒரு மாடி தெராஸ், அதாவது வரிசை வீடு. அப்பா இப்போது கிள்ளானில் என்னோடு இருக்கிறார். விசாரித்த இரண்டு ஏஜெண்டுகளும் 2 லட்சத்து 70 ஆயிரம் வெள்ளியைத் தாண்டவில்லை. மூன்றாவதாக வந்தவர் மட்டும் 3 லட்சத்து 80 என்றார். நம்ம ஆள்தான். வாய்க்கு வாய் 'அக்கா'. "ஆதாரம் இருக்குக்கா" என்று கைப்பேசியில் வீடுகளைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். அத்தனையும் உரிமையாளர்கள் கேட்கும் விலை. விற்று முடிந்தது ஒன்றுகூட இல்லை. அதில் ஒன்று எங்கள் பின்வரிசை முனை வீடு. அதன் கேட்டில் தொங்கும் விற்பனைப் பலகை வெயிலில் வெளுத்து, போன் நம்பர்கூடத் தெரியாது! அந்த வீட்டைக் காட்டித்தான் எங்கள் வீட்டுக்கு விலை வைத்தார். கையோடு, 6 மாதத்துக்கு அவர் மட்டுமே விற்கலாம் என்று ஒரு தாளிலும் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மாதக்கணக்கில் ஆள் வரவில்லை. கடைசியில் ஓர் ஆசிரியர் தம்பதி 3 லட்சத்து 40க்குச் சம்மதித்தார்கள். பேங்க் அனுப்பிய மதிப்பீட்டாளர் போட்ட விலை 2 லட்சத்து 75 ஆயிரம். பேங்க் கடன் 90 சதவீதம் என்றாலும் அது மதிப்பீட்டு விலையில்தான். 2 லட்சத்து 47,500 வெள்ளி. மீதி 92,500 வெள்ளியை அவர்கள் ரொக்கமாகப் புரட்ட வேண்டும். எங்கே போவார்கள்? விலகிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஏஜெண்ட் சுயரூபம் காட்டினார். "வீடு ரொம்ப நாளா கிடக்குக்கா, எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. என்கிட்ட ஒரு கேஷ் பார்ட்டி இருக்காரு, ரெண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கு முடிச்சிடலாம்." தாமதித்தால் சொத்து ஆதாய வரி 30 சதவீதம் போய்விடும் என்று பயமுறுத்தல் வேறு. அப்பட்டமான பொய். குடிமகனுக்கு அந்த 30 சதவீதம் வாங்கி 3 ஆண்டுக்குள் விற்றால்தான். நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15; ஆறாம் ஆண்டு முதல் 2022இலிருந்து வரியே கிடையாது. அப்பா வாங்கி 20 ஆண்டுக்கு மேலாகிறது.

பதிவு பெற்ற வீடு விற்பனையாளரிடம் இருக்க வேண்டிய சிவப்பு ரென் அட்டையை என் மகன் கேட்டான். காரில் இருக்கிறது என்றவர் கார் வரைக்கும் போகவே இல்லை. சொத்து முகவர் வாரியத்தின் இணையத்தளத்தில் தேடினால் பெயரே இல்லை. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாதவர் இந்தத் தொழிலே செய்யக்கூடாது. கமிஷனுக்கும் 3 சதவீதம்தான் உச்சம். அவர் தாளில் 5 என்று இருந்தது. லாயரிடம் காட்டினோம். அந்தத் தாளை வைத்து ஏஜெண்ட் கோர்ட்டில் கமிஷன் கேட்க முடியாது என்றார் லாயர்.

விலை வைக்கும் முன், அரசாங்கச் சொத்துத் தகவல் மையமான நாப்பிக்கின் இணையத்தளத்தைப் பாருங்கள். உங்கள் வட்டாரத்தில் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று அதில் இருக்கும், காசு கிடையாது. நிலம் லீஸ்ஹோல்டா (குத்தகை நிலம்), ஃபிரீஹோல்டா (நிரந்தர உரிமை) என்று சேர்த்தே ஒப்பிடுங்கள். எங்களுடையது லீஸ்ஹோல்டு, அவர் காட்டியதில் பாதி ஃபிரீஹோல்டு.

இப்போது பேரத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு 2 லட்சத்து 85க்குப் போட்டிருக்கிறோம், பதிவு பெற்ற ஏஜெண்ட் வழியாக. முதல் வாரமே இரண்டு குடும்பம் வந்து பார்த்தது. பழைய ஆள் அதே தாமானில் இன்னும் சுற்றுகிறார். போன வாரம் எதிர்வரிசைப் பாட்டியிடம் 4 லட்சம் என்றாராம்.