காயில் மாற்றினோம் என்று 7,400 ரூபாய் வாங்கிவிட்டார்கள், நாகர்கோவில்காரர்கள் கவனம்

பைக்கில் கரண்ட் பிரச்சினை வந்தால் என்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன் என் 7,400 ரூபாய் போன கதையைக் கேளுங்கள்.

வீடு குளச்சலில், கடலை ஒட்டி. மழை தொடங்கியதிலிருந்து செல்ஃப் எடுக்கவில்லை, ஹாரன் கமறுகிறது, ஹெட்லைட் மங்கல். பேட்டரியோ புதுசு. நாகர்கோவிலில் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கொண்டு விட்டேன். அங்கே இருந்தவர் பேட்டரியில் மீட்டரை வைத்து ஆக்சிலேட்டரை முறுக்கி, "பாருங்க அண்ணாச்சி, பன்னிரண்டரை வோல்ட்டைத் தாண்டமாட்டேங்கு, காயிலும் ஆர்.ஆர். யூனிட்டும் போச்சு" என்று காட்டினார். காயில் என்றால் இன்ஜினில் கரண்ட் உண்டாக்குகிற கம்பிச்சுருள், ஆர்.ஆர். யூனிட் அந்தக் கரண்டைச் சரிப்படுத்தி பேட்டரிக்கு அனுப்புகிற பெட்டி. கண் முன்னாலேயே மீட்டர் வைத்துக் காட்டுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? டீ வேறு வாங்கிக் கொடுத்தார். 7,400 ரூபாய், அங்கேயே ஜீபேயில் அனுப்பினேன்.

அந்த வாரமே திங்கள்சந்தையில் வண்டி நின்றுவிட்டது. போன் செய்தால், "மழையில ஓட்டினீங்களா சார்?" ஐப்பசியில் வேறு எதில் ஓட்டுவது? அடுத்த தடவை மெக்கானிக் லீவு. அப்புறம் "பேட்டரியையும் மாத்திப் பாருங்க". பழைய காயிலைக் கேட்டேன், இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம். பில் கேட்டதோடு போன் எடுப்பதும் நின்றது.

கடைசியில் ஊரில் ஆட்டோக்களுக்கு வயரிங் பார்க்கிற அண்ணனிடம் காட்டினேன். மேக்னட் கவரைப் பார்த்ததும், "தம்பி, இதை யாரும் திறக்கவே இல்லையே" என்றார். போல்ட் தலைகளில் பழைய செம்மண் காய்ந்து அப்படியே இருக்கிறது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. அந்தக் கவரைக் கழற்றாமல் காயிலை எப்படி மாற்ற முடியும்? ஆர்.ஆர். யூனிட்டும் உப்புக்காற்றில் வெளுத்துப்போன அதே பழசு. பேட்டரி மைனஸிலிருந்து சேஸிஸுக்குப் போகிற எர்த் வயரின் முனை மட்டும் பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினார், மீட்டர் 14 வோல்ட்டுக்கு ஏறியது, பேட்டரிக்குச் சார்ஜ் ஒழுங்காகப் போக ஆரம்பித்துவிட்டது. வாங்கியது 150 ரூபாய். அங்கே 7,400!

விவரமாக எழுதப் பொறுமை இல்லை. காயில் என்று யாராவது சொன்னால் முதலில் ஃப்யூஸையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள், கடலோரத்துக்காரர்கள் கண்டிப்பாக. கவர் போல்ட்டை முன்னாடியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகமும் பில்லும் கைக்கு வராமல் காசு அனுப்பாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுக்கப் போகிறேன், அந்த 7,400 ரூபாயை விடுவதாக இல்லை.