மட்டக்குதிரைக்கு வாய்க்கூடை: ஊட்டில ரெண்டரை வருஷம் போட்டுப் பார்த்த அனுபவம்

கோத்தகிரி நண்பர் ஒருத்தர் போன வாரம் போன் பண்ணி, "எங்க மட்டக்குதிரைக்கும் முன்னங்கால் வலி வந்துருச்சு, டாக்டர் லாமினைட்டிஸ்னு சொல்லிட்டாரு, நீங்க செல்லிக்கு மாட்டிவிடுற வாய்க்கூடைய வாங்கலாமா"ன்னு கேட்டாரு. லாமினைட்டிஸ்னா குளம்புக்குள்ள வர்ற நோய், செல்லி எங்க மட்டக்குதிரை, வாய்க்கூடைங்கறது ரொம்ப மேஞ்சுடாம இருக்க வாயில மாட்டுற கூடை. அன்னிக்குக் காலைலதான் அதோட பக்கிள் மூணாவது தடவையா பிஞ்சு, செருப்பு தைக்கிறவர்கிட்ட குடுத்துட்டு வந்திருந்தேன், வாயத் திறந்தா திட்டுதான் வந்திருக்கும். அதனால அப்புறம் சொல்றேன்னு வச்சுட்டேன். இப்ப சொல்றேன்.

செல்லி 12 ஹேண்ட்ஸ், அதாவது தோள் வரைக்கும் நாலு அடி, இருக்க வேண்டிய எடை 220 கிலோ, ஆனா நோய் வந்த வருஷம் ஜூன்ல 260 இருந்தா. பிடரி கல்லு மாதிரி கெட்டியாகி ஒரு பக்கமா சாஞ்சே போச்சு, நாங்க அத புஷ்டின்னு நெனச்சு சந்தோஷப்பட்டோம். மழை புடிச்சு ரெண்டாவது வாரம் ஒரு நாள் பார்த்தா முன்னங்கால் ரெண்டையும் முன்னாடி நீட்டிகிட்டு உடம்பு பாரத்த பூரா பின்னங்கால்ல போட்டு நிக்கறா, திரும்பச் சொன்னா திரும்பல, குளம்ப தொட்டா சுடுது, கணுக்கால் பக்கத்துல விரல் வச்சா நாடி டம்டம்னு அடிக்குது. எக்ஸ்ரேல குளம்புக்குள்ள இருக்கற எலும்பு லேசா கீழ சாஞ்சிருந்துச்சு. சர்க்கரை, மாவுச்சத்து அதிகமாகி இன்சுலின் ஏறுனா எலும்பையும் குளம்புச் சுவரையும் சேத்துப் புடிச்சிருக்கற மெல்லிசான திசு மடிப்பு விட்டுப் போகும்னு டாக்டர் சொன்னப்பதான் நாங்க அவளுக்கு அள்ளிக் குடுத்த கொள்ளு, தவிடு, டூரிஸ்டுங்க நீட்டுற பிரட், தினம் ஒரு துண்டு வெல்லம் எல்லாம் ஞாபகம் வந்துச்சு.

சரி, வாய்க்கூடை. நைலான் பட்டைல பின்னுனது, அடில ரப்பர் தட்டு, நடுவுல ஒரு ரூபா காசு அகலத்துக்கு ஒரு ஓட்டை, அதுல நீட்டிகிட்டு வர்ற புல்லு நுனிய மட்டும்தான் கடிக்க முடியும். வெளிநாட்டு சாமான், விலை அதிகம். என் கோவம் பட்டை மேல இல்ல பக்கிள் மேலயும் இல்ல, அந்த ஓட்டை மேலதான். நேரா நிமிர்ந்து வளர்ற புல்லுக்குப் பண்ணது அது. நம்ம ஊட்டி மேட்டுல இருக்கறது கிக்குயூ, தரையோட தரையா கொடி ஓடி மெத்தை மாதிரி படுத்துக் கெடக்கும், மேஞ்சு குட்டையானா ஓட்டைக்குள்ள வரவே வராது, வளர விட்டா மடங்கி ரப்பருக்கு அடில நசுங்கிப் போயிடும். மொத மாசம் செல்லி புல்லு நடுவுலயே நின்னு மூக்கால தரைய இடிச்சு இடிச்சு கடைசில தலையத் தொங்கப் போட்டுட்டா. அம்மா பார்த்துட்டு "வாயில்லா ஜீவனோட வாயையும் கட்டிட்டியே"ன்னு உள்ள போயிட்டாங்க, அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல. மழைக்காலத்துல இன்னொரு தொல்லை, சேறு ஏறி ஓட்டையே அடைச்சுக்கும், அரை மணிக்கு ஒரு தடவை போய்க் குத்தி எடுக்கணும். இத விக்கறவங்க ஒருத்தராவது எந்தப் புல்லுல மேய்க்கப் போறீங்கன்னு கேட்டிருந்தா!

வழி ஒண்ணு தானா கெடச்சுது. அரிவாளால கிக்குயூவ நாலு விரல் உயரத்துக்கு ஒரே மட்டமா அறுத்துட்டு ஒரு வாரம் விட்டா புதுக் குருத்து கொஞ்சம் நிமிர்ந்து வருது, அது ஓட்டைல வருது. அந்தத் துண்டுல மட்டும் காலைல அஞ்சரைலருந்து ஒம்பது வரைக்கும் விடுறேன். பகல் வெயில்ல புல்லுல சேர்ற சர்க்கரை ராத்திரி வளர்ச்சிக்கு செலவாயிடும், அதனால விடியக்காலம்தான் கம்மி. ஆனா உறைபனி விழுந்த காலைல விடாதீங்க, குளிர்ல புல்லு வளராம சர்க்கரை அப்படியே தங்கிடும், டிசம்பர் ஜனவரில நான் அவள வெளிய விடறதே இல்ல. ஒம்பதுக்கு மேல புல்லே இல்லாத மண்ணு பட்டிதான், அங்க ஊறவச்ச காஞ்ச புல்லு. பச்சத் தண்ணில ஒரு மணி நேரம் ஊறவச்சு அந்தத் தண்ணிய கீழ ஊத்திடணும், சர்க்கரை அதோட போயிடும். எடைல ஒன்றரை சதவீதம்ங்கற கணக்குல தராசுல நிறுத்துதான் போடுறேன், கண் அளவுல போட்டா தப்பும். பட்டினி மட்டும் போட்டுறாதீங்க, மட்டக்குதிரைக்கு ரத்தத்துல கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாயிடும். ஆரம்பத்துல பாவமா இருக்குன்னு சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கூடைய கழட்டி விட்டேன், நாள் பூரா விட்டத அந்த ரெண்டு மணி நேரத்துல வாரி அடைச்சுட்டா, ரெண்டே வாரத்துல கணுக்கால் நாடி திரும்ப டம்டம்னு அடிக்க ஆரம்பிச்சுது. கிக்குயூல ஆக்சலேட் அதிகம், கால்சியத்த உறிஞ்ச விடாது, அதனால தாது உப்பும் டாக்டர்கிட்ட கேட்டுக் குடுக்கணும்.

குளம்பு விஷயத்துல நான் கை எடுத்துக் கும்பிடறது எங்க லாடக்கார பாயத்தான். வலி வந்த அன்னிக்கு ராத்திரியே வந்து தெர்மோகோல குளம்பு அளவுக்கு வெட்டி அடில வச்சு டேப் சுத்தினாரு, பத்து நிமிஷத்துல அவ பாரத்த முன்னாடி வச்சு நின்னா, நான் அழுதுட்டேன். முன்ன மூணு மாசத்துக்கு ஒரு தடவை லாடம் மாத்துவோம், விரல் பக்கம், அதாவது குளம்போட முன் நுனி, நீண்டு போய் அதுவே நெம்புகோல் மாதிரி குளம்புச் சுவர இழுத்திருக்கு. இப்ப அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவை விரல் பக்கத்த கொறைச்சு குதிகால அளவா சீவுறாரு. மாசம் ஒரு சென்டிமீட்டர்தான் குளம்பு வளரும், பழசு பூரா எறங்கி நல்ல சாய்வுல புதுசு வர பதினோரு மாசம் ஆச்சு. இப்ப கல்லு ரோட்டுலயே தட்டுத் தடுமாறாம நடக்கறா, எடை 225.

அதனால கூடை வேலை செய்யலன்னு சொல்ல மாட்டேன், அது இல்லன்னா ரெண்டாவது மழைக்காலத்துலயே அவ விழுந்திருப்பா. ஆனாலும் கோத்தகிரிக்காரருக்கு என் பதில், வாங்காதீங்க. அந்தக் காசுக்கு வேலிக் கம்பி வாங்கி ஒரு மண்ணு பட்டி அடைங்க, மிச்சத்த லாடக்காரருக்குக் குடுங்க. மொத மாசம் அந்த மொகத்த நான் பார்த்த மாதிரி நீங்களும் பார்க்க வேணாம்.

எங்க கூடை நேத்து தைச்சு வந்துருச்சு. நாளைக்கு அஞ்சரைக்கு மாட்டணும், உள்ள ரெண்டு புதினாத் தழை போட்டா அவளே மூக்க விட்டுக்குவா.