டெலன்பேக்கா, தாக்கெனிச்சா: ஒரேகான் மணல்மேடுகளில் ஒரு நாள் நடை

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் போர்ட்லாந்து, பீவர்ட்டன் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் பலருக்குக் கடற்கரை என்றால் கேனன் பீச்தான். பக்கத்தில் இருக்கிறது, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். ஆனால் காடு, மணல்மேடு, கடல் மூன்றையும் ஒரே நடையில் பார்க்க ஆசைப்பட்டால் 101ஆம் நெடுஞ்சாலையில் இன்னும் தெற்கே போகவேண்டும். ஃபுளோரன்ஸ் ஊரில் தொடங்கி கூஸ் பே வரை ஏறக்குறைய 40 மைலுக்கு மணல்தான். 1972இல் இதை ஒரேகான் டியூன்ஸ் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாக அறிவித்தார்கள்.

போர்ட்லாந்திலிருந்து மூன்றரை, நான்கு மணி நேரப் பயணம். அதனால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நடைக்குத்தான் நேரம் இருக்கும். அந்த ஒன்று எது என்பதில்தான் எப்போதும் பேச்சு. ரீட்ஸ்போர்ட் ஊருக்குத் தெற்கே, கூடாரம் போட்டுத் தங்கும் ஈல் கிரீக் முகாமை ஒட்டி ஜான் டெலன்பேக் பாதை, வடக்கே தாக்கெனிச் முகாமிலிருந்து கிளம்பும் தாக்கெனிச் – த்ரீமைல் ஏரிச் சுற்று. இரண்டையும் நடந்திருக்கிறேன். இப்போது யார் கேட்டாலும் தாக்கெனிச் என்றுதான் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மேலே படிப்பவர்களுக்கு வசதி.

பார்க்கிங், கட்டணம், கழிப்பறை எல்லாம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள். செல்போன் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டெலன்பேக்கின் பெருமை அதன் மணல். இந்தப் பகுதி உருவாகப் பாடுபட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரைத்தான் பாதைக்கு வைத்திருக்கிறார்கள். காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்ததும் மரங்கள் சட்டென்று முடிந்து வெறும் மணல் விரியும். கடல் மட்டத்திலிருந்து 500 அடி வரை உயரும் மேடுகள். நடுவில் அங்கங்கே தீவுபோல ஒரு மரக்கூட்டம் நிற்கும். ஒரு காலத்தில் இருந்த பெரிய காட்டை மணல் மூடியபோது மிச்சமானவை அவை. மணலில் ஓட்டி விளையாடும் மோட்டார் வண்டிகளுக்கு இங்கே அனுமதி கிடையாது. ஆனால் வடக்கிலும் தெற்கிலும் அவற்றுக்கென்று ஒதுக்கிய இடங்கள் இருப்பதால், காற்று வாக்கில் உறுமல் காதில் விழும் நாட்களும் உண்டு. படம் எடுக்க மட்டும் போகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், டெலன்பேக்தான்.

கடல் வரை நடக்க வேண்டும் என்றால்தான் கணக்கு மாறுகிறது.

எந்தப் பாதை அழகு என்பதை விட, எவ்வளவு தூரம் காய்ந்த மணலில் நடக்கவேண்டும் என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டெலன்பேக்கில் கார் நிறுத்துமிடத்திலிருந்து கடலுக்குச் சுமார் 2.7 மைல். போக வர ஐந்தரை மைலுக்குச் சற்றுக் குறைவு. கேட்க ஒன்றுமில்லாத தூரம். ஆனால் இதில் பெரும்பகுதி, போகும்போதும் வரும்போதும், கால் புதையும் மணல். மெரினாவில் சாலையிலிருந்து அலை வரை நடந்து போனாலே கணுக்கால் வலிக்கும் அல்லவா, அதைப் போல எட்டுப் பத்து மடங்கு ஒரு திசைக்கு மட்டும், அதுவும் ஏற்ற இறக்கத்தோடு. காய்ந்த மணலில் மணிகளைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. மேட்டில் ஏறும்போது ஓரடி வைத்தால் அரையடி பின்னால் சரியும். ஈர மணலில் மணிகளுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் தண்ணீரே அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் கால் பதிந்து நிற்கும்.

போன வழியிலேயே திரும்பி வரவேண்டும் என்பது இன்னொரு சிக்கல். அலையில் ஆடிக் களைத்த பிள்ளைகள் கடைசியில் ஏறவேண்டியது அதே மேட்டைத்தான். பெரியவர்களுக்குக் கெண்டைக்காலில் வலி, பிள்ளைகளுக்கு ஷூ நிறைய மணல். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் உட்கார்ந்து ஷூவைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்.

வழி கண்டுபிடிப்பதும் அங்கே ஒரு வேலை. திறந்த மணலில் பாதை என்று ஒன்று தரையில் இருக்காது. நீலப் பட்டை போட்ட கம்பங்கள்தான் அடையாளம். ஒரு கம்பத்தில் நின்றுகொண்டு அடுத்ததைத் தேடவேண்டும். வெயில் நாளில் விளையாட்டு மாதிரி இருக்கும். கடல் மூட்டம் இறங்கிவிட்டால் அந்த அடுத்த கம்பம் தெரியாது. நம் காலடித் தடத்தைப் பார்த்துத் திரும்பிவிடலாம் என்றால் பிற்பகல் காற்று அதையும் அழித்திருக்கும்.

இப்போது தாக்கெனிச். மொத்தச் சுற்று ஆறரை, ஏழு மைல். தூரம் அதிகம்தான், ஆனால் கால் அவ்வளவு வலிக்காது. காரணம், தரை மாறிக்கொண்டே இருக்கிறது. முகாமிலிருந்து காட்டுக்குள் ஏறிய கொஞ்ச தூரத்திலேயே பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் போனால் மணல்மேடு, இடப்பக்கம் போனால் த்ரீமைல் ஏரி. எப்படிப் போனாலும் கடற்கரை வழியாகச் சுற்றி வந்து சேரலாம்.

கோடையில் வலப்பக்கம் தொடங்குவதே நல்லது. அந்த மாதங்களில் இங்கே காற்று வடமேற்கிலிருந்து அடிக்கும், மதியத்துக்கு மேல் பலமாகவே அடிக்கும். மணல்மேட்டைக் கடந்து கரைக்கு வந்து தெற்கே திரும்பினால் காற்று முதுகில். மாற்றிச் சுற்றினால் ஒன்றே கால் மைலுக்கு மேல் மணல் முகத்தில் வந்து அறையும். மழைக்காலப் புயல் காற்று தென்மேற்கிலிருந்து வரும் என்பதால் அப்போது இந்தக் கணக்கு தலைகீழ்.

காய்ந்த மணல் இங்கேயும் உண்டு. காடு முடிந்ததும் ஒரு பெரிய இறக்கம், அதன் பிறகு சமவெளி. பிள்ளைகள் ஓடி இறங்குவதற்கென்றே செய்தது போன்ற சரிவு. ஆனால் திரும்பும்போது அதில் ஏற வேண்டியதில்லை, அதுதான் விஷயம். கடற்கரைக்கு வந்துவிட்டால், அலை வற்றிய நேரமாக இருந்தால், ஈர மணலில் சாலையில் போவது போலப் போகலாம்.

மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை, அறிவிப்புப் பலகை வைத்த இடங்களில் ஈர மணலில்தான் நடக்கவேண்டும் என்பது விதியும்கூட. வெண்ணிற உப்புக்கொத்திப் பறவை காய்ந்த மணலில் ஒரு சின்னக் குழி பறித்து முட்டையிடும் காலம் அது. முட்டை மணல் நிறத்தில் புள்ளிபுள்ளியாக இருப்பதால், கால் பக்கத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 1993இல் அமெரிக்க அரசு அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட்ட பறவை. அந்தப் பலகைகளுக்குள் நாய், பட்டம், ட்ரோன் எதற்கும் அனுமதி இல்லை.

கரையிலிருந்து மணல் ஏறி இறங்கினால் த்ரீமைல் ஏரி. ஒடுங்கிய, நீளமான நன்னீர் ஏரி. மேலே மேட்டில் உட்கார்ந்து புளிசாதம் பிரிப்பதற்கு இதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கிருந்து மிச்சம் மூன்று மைல் போலக் காட்டுப்பாதை. ஊசியிலை உதிர்ந்து மெத்தென்று இருக்கும் தரை, ஏற்ற இறக்கம் உண்டு. ஓரத்தில் ஹக்கிள்பெர்ரிப் புதர்கள். கோடை முடிவில் கருநீலப் பழம் தொங்கும், சின்னதாக இருந்தாலும் ருசி. வழியில் விரல் நீளத்துக்கு மேல் மஞ்சள் நத்தை ஒன்று, ஓடு இல்லாதது, ஊர்ந்துகொண்டிருந்தால் தாண்டிப் போங்கள். மே, ஜூனில் போனால் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும்.

பைன் மரங்களைப் பார்க்க இரண்டு பாதைகளும் சரிசமம். கடலோரத்தில் நிற்கும் இந்தப் பைன், காற்றுக்கு வளைந்து முறுக்கிக்கொண்டு, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடுவதும் உண்டு. மலைகளில் கம்பம் போல நேராக வளரும் லாட்ஜ்போல் பைனும் இதுவும் ஒரே இனம்தான் என்றால் நம்பமுடியாது.

இந்தப் பைன்கள் இவ்வளவு தூரம் முன்னேறி வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. துறைமுகங்களையும் சாலைகளையும் மணல் மூடாமல் இருக்க, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கடற்புல்லைக் கொண்டுவந்து நட்டார்கள். அந்தப் புல் கரையோரம் மணலைப் பிடித்து நீளமான வரப்பு ஒன்றை எழுப்பிவிட்டது. கடலிலிருந்து வரவேண்டிய மணல் அதோடு நின்றுபோக, வரப்புக்குப் பின்னால் இருந்ததைக் காற்று அரித்து, நிலத்தடி நீர் வரை பள்ளமாக்கியது. அந்த ஈரத்தில்தான் செடியும் பைனும் கிளம்பின. திறந்த மணல் சுருங்கிக்கொண்டே வருகிறது. டெலன்பேக்கின் மணலுக்கு மதிப்பு கூடுவது இதனால்தான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

அதே பள்ளம் மழைக்காலத்தில் குளமாகிவிடும். டெலன்பேக்கில் கடலுக்குப் போக அதைத் தாண்டியே ஆகவேண்டும். முழங்கால் அளவு, சில சமயம் அதற்கு மேலும் தண்ணீர் நிற்கும். புதைமணல் எச்சரிக்கையும் உண்டு. தாக்கெனிச்சிலும் பள்ளம் இருக்கிறது, அது வறண்ட நாட்களில்தான் கடந்திருக்கிறேன். அதனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகிறவர்கள் என் பேச்சை மட்டும் நம்பாமல், ரீட்ஸ்போர்ட்டில் இருக்கும் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியவர்கள் அதைப் புகழ்கிறார்கள், நான் தங்கியதில்லை.

தாக்கெனிச்சின் ஒரே பெரிய குறை, கரையிலிருந்து ஏரிக்குத் திரும்பும் இடம் லேசில் கண்ணில் படாது. வரப்பின் மேல் ஒரு கம்பம், அவ்வளவுதான். பேசிக்கொண்டே நடந்தால் தாண்டிப் போய்விடலாம். வரைபடத்தில் அந்த இடத்தை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அலை ஏறுகிற நேரத்தில் இந்தச் சுற்று வேண்டாம். ஈர மணல் போய்விட்டால் இதுவும் கால் புதையும் காய்ந்த மணல் நடைதான், அதற்கு மேல் திடீர் அலை வந்து கரையில் கிடக்கும் மரக்கட்டைகளைப் புரட்டிவிடும், அதில் மாட்டி உயிர் போனவர்கள் ஒரேகான் கரையில் உண்டு.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் மட்டும் என் பதில் மாறும். அப்போது டெலன்பேக். கடல் வரை வேண்டாம், அங்கே காட்டுக்குள் ஒரு மைல் சுற்று இருக்கிறது. மணல் தொடங்கும் விளிம்பு வரை அவர்களைக் கூட்டிப்போய், நிழலில் உட்காரவைத்துவிட்டு, நீங்கள் முதல் மேட்டில் ஏறி இறங்கி வரலாம். தாக்கெனிச்சில் தொடக்கமே ஏற்றம், முட்டிவலி உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது.