ஜோகன்னஸ்பர்க் அபார்தைட் (தென்னாப்பிரிக்காவுல இருந்த நிறவெறி ஆட்சி) மியூசியம், அரை நாள் ஒதுக்கிட்டு போங்க

அந்த ஆட்சிக் காலம் எப்படி இருந்துச்சுன்னு உணர வைக்க, டிக்கெட்லயே "வெள்ளையர்", "வெள்ளையர் அல்லாதோர்"னு பிரிச்சு தர்றாங்க, அதுபடி தனித்தனி வாசல், கூட வந்த ஃப்ரெண்டு அந்தப் பக்கம் நான் இந்தப் பக்கம், அங்கயே மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உள்ள, தூக்குல போட்ட அரசியல் கைதிங்க நினைவா 131 தூக்குக்கயிறு தொங்குது. தனிமைச்சிறை மாதிரி செல்லும் வச்சிருக்காங்க, நுழைஞ்சு நின்னா மூச்சு முட்டுது.

அங்க நிக்கறப்போ டாக்டர் நீல் ஆகெட் ஞாபகம்தான் எனக்கு. கறுப்பர் குடியிருப்பான சொவெட்டோவுல பாரக்வானத் ஆஸ்பத்திரியில டியூட்டி பாத்துட்டு, மிச்ச நேரமெல்லாம் சம்பளமே வாங்காம உணவு ஃபாக்டரி தொழிலாளிங்க யூனியனுக்கு ஓடுன மனுஷன். 1981 நவம்பர்ல போலீஸ் புடிச்சாங்க, 70 நாள் காவல், அடி, கரண்ட் ஷாக், தூங்க விடாம விசாரணை, 1982 பிப்ரவரி 5 ஜான் வோர்ஸ்டர் ஸ்கொயர்ங்கற ஜோகன்னஸ்பர்க் போலீஸ் தலைமையக செல்லுல பொணமா கெடந்தாரு, வயசு 28தான். தற்கொலைன்னு மூடுன கேஸ், போலீஸ்தான் கொன்னுச்சுன்னு கோர்ட்டு சொல்ல 2022 ஆச்சு. 40 வருஷம்ங்க!

படிக்க நிறைய இருக்கு, கால் வலிக்கும், குட்டிப் பசங்களுக்கு வேணாம். பக்கத்துல கோல்ட் ரீஃப் சிட்டி தீம் பார்க் இருக்கு, அத வேற நாள் வச்சுக்கோங்க, இத பாத்துட்டு ரைடு ஏற மனசே வராது.