கணக்கு டீச்சரின் பென்டிரைவில் தங்கியவையும் தங்காதவையும்

அரசுப் பள்ளிகளில் அதிகம் புழங்கும் ஆயத்தப் பாடப்பொருள் எது என்று கேட்டால் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். வாரக்கடைசியில் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் பாடக்குறிப்பு பிடிஎஃப்தான் அது. பார்த்து நோட்டில் எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி, அலமாரியில் வைத்துவிட்டு, வகுப்பில் போய் அவரவருக்கு வந்த மாதிரி நடத்துவோம். அதை விமர்சிக்க எதுவும் இல்லை. கையெழுத்துக்காகப் பிறந்தது, கையெழுத்தோடு அதன் ஆயுசு முடிந்தது.

நான் எழுத வந்தது உண்மையிலேயே வகுப்புக்குள் எடுத்துப் போகிற சரக்கைப் பற்றி. தென்காசிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை கணக்கு எடுக்கிறேன், பெரும்பாலும் தமிழ்வழிப் பிள்ளைகள். காசு கொடுத்து வாங்கிய ஒரு தொகுப்பையும் காசில்லாமல் கிடைக்கும் சிலவற்றையும் போதுமான அளவு பயன்படுத்திப் பார்த்தாயிற்று. புதிதாகப் பணியில் சேர்ந்த இரண்டு பேர் "எதை வாங்கலாம் மேடம்?" என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் காசு கொடுத்தது. பெயர் சொல்லப் போவதில்லை. இதே அச்சில் வார்த்த தொகுப்புகள் இணையத்தில் ஏராளம், எல்லாவற்றுக்கும் நான் சொல்வது பொருந்தும். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பாடத்துக்கும் பயிற்சித்தாள், விடைப்பட்டியல், ஸ்லைடுகள் என்று விளம்பரம். அறுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. திறந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கிற வண்ணம். அந்த வண்ணம்தான் முதல் தொல்லை. பின்னப் பயிற்சித்தாளில் "நீலப் பகுதி எத்தனை பங்கு? மஞ்சள் பகுதி எத்தனை பங்கு?" என்று கேட்டிருந்தது. எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் நாற்பது பிரதி எடுத்தால் நீலமும் மஞ்சளும் ஒரே சாம்பல். கலர் பிரிண்ட் எடுக்கச் சம்பளம் கட்டுப்படியாகாது.

அடுத்தது, அந்தத் தாள்கள் எந்த ஊர்ப் பிள்ளைகளுக்காகச் செய்தவை என்பது. பின்னம் என்றாலே பீட்சா. நீளம் என்றால் அங்குலம், அடி. பணக்கணக்கில் டாலர், அதிலும் கால் டாலர் நாணயம். எண்களில் காற்புள்ளி மூன்று மூன்று இலக்கமாக விழுந்திருந்தது. ஆறாம் வகுப்பில் பன்னாட்டு முறையும் பாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் லட்சத்தையும் கோடியையும் இப்போதுதான் கையில் பிடித்திருக்கிற பிள்ளையிடம் 10,00,000 என்று காலையில் எழுதச் சொல்லிவிட்டு, மத்தியானம் 1,000,000 என்று அச்சடித்த தாளை விளக்கம் இல்லாமல் நீட்டினால் அது எதை நம்பும்? இதையெல்லாம் உட்கார்ந்து மாற்றலாம். மாற்றுவதற்குச் செலவாகும் நேரத்தில் நானே ஒரு தாள் தயாரித்துவிடுவேன்.

இதற்கெல்லாம் சிகரம் ஏழாம் வகுப்புத் தாள் ஒன்றில் வந்த முக்கோணம். பக்கங்கள் 4 செ.மீ., 5 செ.மீ., 10 செ.மீ.; சுற்றளவு காண்க. விடைப்பட்டியலில் 19 செ.மீ. பக்கத்தில் அழகாக ஒரு முக்கோணப் படம் வேறு. முக்கால்வாசிப் பிள்ளைகள் கூட்டி 19 எழுதி மூடிவைத்துவிட்டார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் புதிதாக வாங்கிய காம்பஸை எதற்காவது பயன்படுத்திவிட வேண்டும் என்ற ஆசையில் அதை வரையப் போனாள். 10 செ.மீ. கோடு போட்டு, இந்த முனையிலிருந்து 4, அந்த முனையிலிருந்து 5 வில் போட்டாள். இரண்டு வில்லுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் வெற்றிடம். காம்பஸ் லூசாகிவிட்டது என்று நினைத்துத் திருகைத் திருகி மறுபடி போட்டாள். "டீச்சர், இது சேரவே மாட்டேங்குது" என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சேராது. நாலும் ஐந்தும் ஒன்பதுதான்; பத்தை எட்டாது. அன்றைக்கு நடத்த நினைத்த பாடத்தை விட்டுவிட்டு மொத்த வகுப்பையும் அதே முக்கோணத்தை வரையச் சொன்னேன், அப்புறம் 10-ஐ எவ்வளவாகக் குறைத்தால் வில்கள் வெட்டும் என்று கேட்டேன். 9 என்று சில பேர் கத்தினார்கள். வரைந்து பார்த்தால் வில்கள் கோட்டின் மேலேயே தொட்டுக்கொண்டு படுத்துவிட்டன. எந்த இரண்டு பக்கத்தைக் கூட்டினாலும் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்கிற முக்கோணச் சமனின்மை அன்றைக்குப் பதிந்த மாதிரி வேறு எந்த வருடமும் பதியவில்லை. ஆனால் அதற்கான பெருமையைத் தொகுப்புக்குக் கொடுக்க முடியாது. கணக்கு தெரிந்த ஒருவர் ஒருமுறை வாசித்திருந்தால்கூட அந்தத் தாள் வெளியே வந்திருக்காது. விற்றவர்களுக்கு எழுதிப் போட்டேன், "கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. கோப்பு அப்படியே இருக்கிறது.

ஸ்லைடுகள் பற்றி ஒரு வரி போதும்: சூத்திரம் பறந்து வரும், எடுத்துக்காட்டு பறந்து வரும், விடையும் தானே பறந்து வரும். நான் பட்டன் அமுக்க, பிள்ளைகள் வேடிக்கை பார்க்க.

இனி நல்லவை. என்ரிச் என்று ஒரு தளம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினுடையது, 1996 முதல் நடக்கிறது, முழுக்க இலவசம். பார்வைக்கு அந்தக் கட்டணத் தொகுப்பின் பக்கத்தில் நிற்காது; ஒரு கேள்வி, ஒரு சின்னப் படம், அவ்வளவுதான் பல பக்கங்கள். ஆனால் கேள்வி தேர்ந்த கேள்வி. நான் ஆண்டுதோறும் ஆறாம் வகுப்பில் எடுப்பது காரணிகள், மடங்குகள் விளையாட்டு. 1 முதல் 100 வரை கட்டம். முதல் ஆள் 50-க்குக் கீழே ஓர் இரட்டை எண்ணை அடிக்க வேண்டும். அடுத்த ஆள் அதன் காரணி ஒன்றையோ மடங்கு ஒன்றையோ அடிக்க வேண்டும். அதற்கு அடுத்தது இப்போது அடித்த எண்ணின் காரணியோ மடங்கோ. அடித்த எண்ணை மறுபடி தொடக்கூடாது. அடிக்க எண் இல்லாமல் யார் முழிக்கிறாரோ அவர் தோற்றார். கறுப்பு வெள்ளையில் அரைப்பக்கம் போதும், ஜெராக்ஸே வேண்டாம், நோட்டில் கட்டம் போட்டுக்கொள்ளலாம்.

முதல் ஆட்டம் இழுத்துக்கொண்டு போகும். 36, 12, 60, 15, 45 என்று வாய்ப்பாடு தேடித் தேடி அடிப்பார்கள். மூன்றாவது நான்காவது ஆட்டத்தில் எவனாவது சௌகரியமாக இருக்கிறதே என்று 1-ஐ அடிப்பான். எதிரே இருப்பவன் கொஞ்சம் யோசித்து 97-ஐ அடிப்பான். 97-க்குக் காரணி 1-ம் 97-ம்தான், இரண்டும் போயிற்று. மடங்கு 194, கட்டத்தில் இல்லை. ஆட்டம் முடிந்தது. "டீச்சர், ஒண்ணு போட்டவன் செத்தான்!" என்று ஒருவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு சார் எட்டிப்பார்த்தார். அதற்கப்புறம் நோட்டின் பின்பக்கத்தில் 53, 59, 61, 67 என்று பட்டியல் தயாராகும். 50-க்கும் 100-க்கும் நடுவே பத்து பகா எண்கள் உண்டு, அவை என்னென்ன என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தேவைப்பட்டதால் தேடிக்கொண்டார்கள்.

கடைசியாக நான் ஒன்று மட்டும் கேட்பேன்: ஏன் முதல் எண் 50-க்குக் கீழே இரட்டை எண்ணாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள்? விதியை எடுத்துவிட்டு ஆடச் சொன்னால் சில நிமிடங்களில் பிடித்துவிடுவார்கள். முதல் ஆள் 97, இரண்டாம் ஆளுக்கு 1-ஐத் தவிர வழியில்லை, முதல் ஆள் 89, முடிந்தது. மூன்றே அடியில் ஆட்டம் சுருண்டுவிடும்.

என்ரிச்சில் பலர் பார்க்காமல் விடுவது ஆசிரியர் குறிப்புகள். வகுப்பை எப்படித் தொடங்கலாம், எந்த இடத்தில் என்ன கேட்கலாம், திணறுகிற பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம், முந்திவிடுகிற பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம் என்று பல கணக்குகளுக்குக் குறிப்பு இருக்கும். நம் பாடக்குறிப்பு நோட்டில் வழக்கமாக எழுதும் 'மாணவர்கள் ஆர்வமுடன் கவனித்தனர்' ரகம் இல்லை. குறை என்றால், எல்லாம் ஆங்கிலத்தில். விளையாட்டு விதியை நாலு வரியில் கரும்பலகையில் தமிழில் எழுதிவிடலாம். கதை மாதிரி வரும் கணக்குகளுக்கு மொழிபெயர்க்கவே ஒரு மாலை போய்விடும். நம் பாடப்பகுதியோடு வரிக்கு வரி ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

திரையில் கோடும் வளைவும் வரைந்து நகர்த்திப் பார்க்கிற மென்பொருளான ஜியோஜீப்ரா பற்றி நம் ஆட்களுக்கு அறிமுகம் தேவையில்லை. நம் பாடப்புத்தகத்திலேயே பல பாடங்களின் முடிவில் இணையச் செயல்பாடு என்று அதைக் கொடுத்திருக்கிறார்கள். மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற ஆஸ்திரியர் 2001-இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது. மற்றவர்கள் செய்து பகிர்ந்த ஆயிரக்கணக்கான துண்டுகள் அதில் கிடக்கின்றன. நல்லதும் உண்டு, பதரும் உண்டு, சலித்தெடுக்கப் பொறுமை வேண்டும். என் அனுபவத்தில் அதை வெற்றுத்தாளாகப் பயன்படுத்துவதுதான் லாபம்.

பத்தாம் வகுப்பில் எட்டு மதிப்பெண் வரைபடக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒய் = எக்ஸ்² − 4 என்பதன் வரைபடம் வரைந்து, அதன் மூலம் எக்ஸ்² − எக்ஸ் − 12 = 0 என்பதைத் தீர்க்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஒய் = எக்ஸ் + 8 என்ற நேர்க்கோடு வரும், அது பரவளையத்தை வெட்டும் இடங்களின் எக்ஸ் மதிப்புகள் −3, 4, அவையே விடை. ஏன் கழிக்கிறோம் என்று கேட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளையும் "அப்படித்தான் டீச்சர் போடணும்" என்பான். ஜியோஜீப்ராவில் பரவளையத்தைப் போட்டுவிட்டு 8-க்குப் பதில் ஒரு ஸ்லைடர் (இழுத்தால் எண் மாறும் பட்டை) வைத்துக் கோட்டை மேலும் கீழும் நகர்த்தினால் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு புது இருபடிச் சமன்பாட்டின் விடை திரையில் நிற்கும். பரவளையம் ஒன்றுதான், கேள்வியை மாற்றுவது கோடு என்பது அப்போது உறைக்கிறது.

செய்யப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஸ்லைடர் தானாக −5 முதல் 5 வரை, 0.1 படியில்தான் வரும். 8 வேண்டுமென்றால் எல்லையை நீட்டுங்கள். அப்புறம் படியை 0.25 ஆக்குங்கள். காரணம், கோடு பரவளையத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்பது −4.25-இல். 0.1 படியில் போனால் −4.2-இல் இரண்டு புள்ளி இருக்கும், −4.3-இல் ஒன்றும் இருக்காது, தொடுகிற கணம் நழுவிவிடும். −4.25-இல் நிறுத்தி, சமன்பாட்டுக்கு எத்தனை விடை என்று காட்டும் தன்மைக்காட்டியைக் கணக்கிடச் சொல்லுங்கள். சுழியம் வரும்போது வகுப்பில் ஒரு முணுமுணுப்பு எழும் பாருங்கள், அதற்காகவே இதைச் செய்யலாம். தேர்வில் வரைபடத்தாளில் கையால்தான் போட வேண்டும், அளவுத்திட்டம் எழுத வேண்டும், அதற்கு இது எந்த வகையிலும் உதவாது. திரையைப் பார்த்த மறுநாளே தாளில் வரையவைத்துவிடுங்கள்.

கணினித் திரையில் பிள்ளைகளே நகர்த்திப் பார்க்கிற ஃபெட் செயல்விளக்கங்களும் நல்ல சரக்கு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அறிவியல் ஆசிரியர்களின் சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். பின்னம், பரப்பளவு, சமன்பாட்டுத் தராசு எல்லாம் அதில் உண்டு. ஏழாம் வகுப்பில் இரண்டு பக்கமும் ஒரே எடையை எடுத்தால் தராசு சாயாது என்பதைப் பிள்ளைகளே நகர்த்திப் பார்த்துவிட்டால், "அந்தப் பக்கம் போனால் மைனஸ்" என்ற மந்திரத்தைச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை. எனக்கு இதில் பிடித்தது, ஒவ்வொன்றையும் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், நெட் இல்லாமலும் ஓடும். எங்கள் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் நெட் வருவது மேகமூட்டம் மாதிரி, அன்றன்றைக்கு எப்படியோ அப்படி.

காணொளிப் பாடங்களை நான் வகுப்பில் போடுவதில்லை. காணொளி பேசும்போது பிள்ளை பேச முடியாது, நானும் நடுவில் ஒரு கேள்வி கேட்க முடியாது. ஆனால் அம்மை போட்டுப் பத்து நாள் வராத பிள்ளைக்கும், திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டு வருகிற பிள்ளைக்கும் தமிழக அரசின் மணற்கேணி செயலியில் தமிழிலேயே காணொளி விளக்கம் இருப்பது பெரிய உதவி. பெற்றோர் போனில் இறக்கிக் கொடுக்கச் சொல்கிறேன்.

காசு கொடுத்து ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்றால், முதலில் மாதிரிப் பக்கம் கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள். தந்தால் அதை ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள், கறுப்பு வெள்ளையில் கேள்வி உயிரோடு இருக்கிறதா என்று. விடைப்பட்டியலில் வடிவியல் கணக்காக ஐந்தைத் தேர்ந்தெடுத்து ஸ்கேலும் காம்பஸும் வைத்து வரைந்து சரிபாருங்கள். தமிழ் இருந்தால் அது யூனிகோடுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பு பள்ளிக் கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இவ்வளவும் தேறினால் வாங்குங்கள். நான் இந்த வருடம் அந்தக் காசுக்கு வரைபடத்தாள் கட்டும் பத்து காம்பஸும் வாங்கிப் போட்டிருக்கிறேன்.